அனுப்பியாச்சு... போய்ச் சேர்ந்ததா?

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை மாலை. பந்திங்கில் இருக்கும் என் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாக அந்தப் பருவத்தில் அவருக்குப் பேசவே நேரம் இருக்காது. முறுக்கு உரலைப் பிடித்த கை கைத்தொலைபேசியைப் பிடிக்காது. அன்று மிக நிதானமாகப் பேசினார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

“தம்பி, இந்த வருசம் ஆர்டரே இல்லைடா. ரெண்டு பேரை வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். மாவு, எண்ணெய் எல்லாம் பாதிதான் எடுத்தேன்” என்றார்.

அக்கா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர். கடைக்கு முன்னால் மேசை போட்டு விற்பதை எப்போதோ விட்டுவிட்டார். முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம், நெய் உருண்டை என்று டின் டின்னாக அடைத்து, கிள்ளான், ஷா ஆலாம் பக்கத்து அலுவலகங்களுக்கு அனுப்புவார். தீபாவளி அன்பளிப்பாக ஊழியர்களுக்குக் கொடுக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு கடைசியில் விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார். அந்த ஆண்டு 63 நிறுவனங்களுக்கு அனுப்பியிருந்தார். பதில் போட்டவை இரண்டே இரண்டு.

“விலை ஏத்திட்டேன்னு நெனைக்கிறாங்களோ என்னமோ. எல்லாரும் இப்ப ஆன்லைன்லயே வாங்கிடறாங்க” என்று தனக்குத் தானே காரணமும் சொல்லிக்கொண்டார். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஷா ஆலாமில் பல ஆண்டுகளாக வாங்கும் ஓர் அலுவலகத்துப் பெண் முந்தின நாள் அழைத்து, “அக்கா, இந்த வருசம் செய்யலையா? கொட்டேஷன் வரலையே” என்று கேட்டாராம். “அனுப்பினேனே!” என்றிருக்கிறார் அக்கா. “வரவே இல்லையே அக்கா” என்றிருக்கிறார் அந்தப் பெண்.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் இரண்டு பேர், மூன்று பேர் குறைவார்கள். ஒரேயடியாக அறுபது பேர் வாயை மூடிக்கொண்டால் அது விலைப் பிரச்சினை இல்லை, வழிப் பிரச்சினை. மறுநாள் காலை பந்திங்குக்கு வண்டியை விட்டேன்.

திரும்பி வருகிற கடிதம் நல்ல கடிதம்

முதலில் ‘அனுப்பியவை’ பெட்டியைத் திறந்து பார்த்தேன். அறுபத்து மூன்றும் இருந்தன. அக்காவுக்கு அதுவே பெரிய சான்று. “பாரு, எல்லாம் போயிருக்கு” என்றார். பெரும்பாலோர் ஏமாறும் இடம் இது. ‘அனுப்பியவை’ பெட்டியில் இருப்பது, கடிதம் உங்கள் கையை விட்டுப் போனது என்பதற்கு மட்டுமே சான்று. தபால்பெட்டியில் போட்டாயிற்று, அவ்வளவுதான்.

இரண்டு கடிதங்கள் மட்டும் ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் திரும்பி வந்திருந்தன. அக்கா அவற்றை வைரஸ் என்று நினைத்துத் திறக்காமலே விட்டிருந்தார். அவை வைரஸ் அல்ல. இந்த முகவரியில் ஆள் இல்லை என்று மறுமுனை சர்வர் திருப்பி அனுப்பிய சீட்டு. அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு: 550 என்றால் பெரும்பாலும் அந்த ஆள் அங்கே இல்லை, அல்லது கடிதத்தை ஏற்க அந்த சர்வருக்கு விருப்பம் இல்லை. 4-இல் தொடங்கினால் தற்காலிகம். “இப்போது முடியாது, பிறகு வா” என்று பொருள். அனுப்பிய சர்வர் சில நிமிடங்களோ அரை மணியோ கழித்து மறுபடி தட்டும். நான்கைந்து நாள் வரை தட்டிவிட்டுத்தான் கைவிடும்.

திரும்பி வருகிற கடிதத்தைக் கண்டு யாரும் வருத்தப்பட வேண்டாம் என்பேன். என்ன கோளாறு என்று அது சொல்லிவிடுகிறது. மோசமானது திரும்பியும் வராமல், பதிலும் வராமல் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிற கடிதம். அக்காவின் மீதிக் கடிதங்கள் அந்த ரகம்.

அவருடைய கணினியிலிருந்து என் ஜிமெயிலுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். என் கைத்தொலைபேசியில் இன்பாக்ஸ் அசையவில்லை. ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். அங்கே, பரிசுப்பணம் வென்றுவிட்டதாகச் சொல்லும் இரண்டு கடிதங்களுக்கு நடுவே, அக்காவின் கடிதம் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. ஏன் போனது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ‘எதிரொலி முகவரி’ ஒன்றுக்கு எழுதினேன்.

கேட்டதும் பதில் போடும் இயந்திரம்

எதிரொலி முகவரி என்பது நான் வைத்துக்கொண்ட பெயர். அந்த முகவரிக்குப் பின்னால் ஆள் கிடையாது. யார் எழுதினாலும், வந்த கடிதத்தை ஒரு நிரல் எடுத்துப் பார்த்து, உடனே பதில் போட்டுவிடும். சில முகவரிகள் “கிடைத்தது” என்று மட்டும் சொல்லும். நல்லவை, வந்த கடிதத்தை அதன் தலைப்பகுதியோடு அப்படியே திருப்பி அனுப்பி, “நான் பரிசோதித்ததில் தெரிந்தவை இவை” என்று கீழே பட்டியலும் போடும். பல்கலைக்கழகங்களும் மின்னஞ்சல் மென்பொருள் செய்யும் நிறுவனங்களும் இப்படிப்பட்ட முகவரிகளைப் பல காலமாகப் பொதுவுக்குத் திறந்து வைத்திருக்கின்றன. சில மூடிப்போகும், புதியவை வரும்.

ஒரு நண்பருக்கு அனுப்பிக் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். நண்பர் “வந்துச்சு” என்பார். அல்லது “பார்க்கலை, அப்புறம் சொல்றேன்” என்பார். எந்த வழியாக வந்தது, வழியில் எத்தனை நிமிடம் நின்றது, வாசலில் யார் என்ன கேள்வி கேட்டார்கள் என்று சொல்ல அவரால் ஆகாது. இயந்திரம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சொல்லும்.

அக்காவின் கடிதத்துக்குப் பதில் ஒரு நிமிடத்துக்குள் வந்தது. நீளமான, கரடுமுரடான ஆங்கிலப் பதில். அதில் மூன்று வரிகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. ‘எஸ்பிஎஃப்: ஃபெயில்’, ‘டிகிம்: நன்’, ‘டிமார்க்: நன்’.

இந்த மூன்றையும் நம் ஊர் வழக்கில் சொல்லிவிடலாம். வேலி போட்ட ஒரு தாமானை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஜாகா நிற்கிறார். “அந்தப் பலகாரக் கடை வண்டி” என்று சொல்லிக்கொண்டு ஒரு வேன் வருகிறது. ஜாகா கடைக்கே போன் போட்டு, “உங்கள் வேன்களின் எண்கள் என்ன?” என்று கேட்கிறார். கடை வைத்திருக்கும் அந்தப் பட்டியல்தான் எஸ்பிஎஃப். உங்கள் டொமேன் பெயரோடு சேர்த்து, எந்தெந்த சர்வர்கள் உங்கள் பெயரில் கடிதம் கொண்டுவரலாம் என்று பொதுவில் எழுதி வைக்கும் ஒரே ஒரு வரி அது. டிகிம் என்பது டின்னின் மூடியில் ஒட்டிய முத்திரை. வழியில் யாராவது திறந்து உள்ளே எதையாவது மாற்றினால் முத்திரை கிழிந்திருக்கும். டிமார்க் என்பது கடைக்காரர் ஜாகாவிடம் கொடுத்துவைத்த உத்தரவு: பட்டியலிலும் இல்லை, முத்திரையும் சரியில்லை என்றால் வேனைத் திருப்பி அனுப்பு, அல்லது ஓரமாக நிறுத்து, அல்லது விட்டுவிட்டு எனக்கு ஒரு தகவல் மட்டும் சொல்.

அக்காவின் கடையில் நடந்தது என்னவென்றால், வேனை மாற்றிவிட்டார்கள், பட்டியலை மாற்றவில்லை. அக்கா மகன் ஜூலை மாதம் இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் விலை குறைந்த வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறான். ஆண்டுக்கு நூறு வெள்ளிக்கு மேல் மிச்சம். தளம் நன்றாகத் திறந்தது. கடிதம் வந்தது, போனது. ஆனால் எஸ்பிஎஃப் வரியில் பழைய நிறுவனத்தின் சர்வர் பெயரே கிடந்தது. புதிய சர்வரிலிருந்து அக்கா எழுதிய ஒவ்வொரு கடிதமும், உலகத்தின் கண்ணுக்கு, யாரோ அக்கா பெயரில் எழுதிய கள்ளக் கடிதமாகத் தெரிந்திருக்கிறது.

இதில் யாரைக் குறை சொல்வது? பையன் செய்தது தவறு இல்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. புதிய நிறுவனம் அனுப்பிய வரவேற்புக் கடிதத்தில், ஏழாவது பத்தியில், இதைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. ஏழாவது பத்தி வரை யார் படிக்கிறார்கள்? முதல் பத்தியில் போட்டிருக்க வேண்டிய விஷயம் அது என்பது என் கருத்து.

இந்தக் கண்டிப்பு முன்பு இவ்வளவு இல்லை. 2024 பிப்ரவரியில் கூகலும் யாஹூவும் விதிகளை இறுக்கின. நாளுக்கு ஐயாயிரம் கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். சிறியவர்களும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது சரியாக வைத்திருக்க வேண்டும். ஐந்து கடிதம் அனுப்புகிற பலகாரக் கடைக்கும் அது பொருந்தும். @gmail.com என்று முடியும் முகவரியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, கூகலே பார்த்துக்கொள்கிறது. சொந்தப் பெயரில் முகவரி வைத்திருக்கும் கடைகள், சங்கங்கள், ஆலய நிர்வாகங்கள், டியூஷன் நிலையங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கிராணி கையில் கடிதம்

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு வரும் கடிதங்கள் வீட்டுக்கு வராது. ஆபீசுக்கு வரும். கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். தமிழ்நாட்டில் இருந்த தாய்மாமனுக்கு அம்மா நீல நிற வான்கடிதம் எழுதினால், கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: கடிதம் கண்டதும் பதில் போடவும். பிறகு நாள்களை எண்ணத் தொடங்கிவிடுவார். போக ஒரு வாரம், வர ஒரு வாரம், எழுத இரண்டு நாள். அதற்கு மேல் போனால் முகம் வாடும். ஒருமுறை நான்கு மாதமாகியும் பதில் இல்லை. மாமாவுக்கு ஏதோ கோபம் என்று அம்மா முடிவு கட்டி, பதிலுக்குத் தானும் எழுதாமல் விட்டுவிட்டார். ஆபீஸ் மேசையை மாற்றும்போது இழுப்பறைக்குப் பின்னால் அந்தக் கடிதம் கிடந்தது. அதற்குள் ஓர் ஆண்டு ஓடியிருந்தது.

முக்கியமான கடிதம் என்றால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை சேர்த்து அனுப்புவார்கள். பெற்றவர் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரும். மின்னஞ்சலை வடிவமைத்தவர்களும் இதை யோசிக்காமல் இல்லை. ரே டாம்லின்சன் 1971-இல் இரண்டு கணினிகளுக்கு நடுவே, ‘@’ குறியை வைத்து முதல் கடிதத்தை அனுப்பியபோதே அது சோதனைக் கடிதம்தான். என்ன எழுதினார் என்பது அவருக்கே பிறகு நினைவில் இல்லை. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறைதான் இன்றும் நாம் அனுப்பும் கடிதங்களுக்கு அடிப்படை. (தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததும் அதே 1982 தொடக்கத்தில்தான். உங்கள் கடிதத்தின் தலைப்பகுதியில் +0800 என்று வருவது அந்த மாற்றத்தால்தான்.) அந்த விதியின்படி, ஒரு சர்வர் கடிதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் அதன் பொறுப்பு அந்த சர்வருடையது. கொடுக்க வேண்டும், அல்லது முடியவில்லை என்று சொல்ல வேண்டும். விதி எழுதிய காலத்தில் ஸ்பேம் பெட்டி என்ற மூன்றாவது இடம் கிடையாது. கொடுத்ததும் இல்லை, கொடுக்காததும் இல்லை என்ற திரிசங்கு நிலை பிறகு வந்தது.

தானாகப் பதில் போடும் வேலையைப் பரவலாக்கியது ‘வெக்கேஷன்’ என்ற சிறிய யூனிக்ஸ் நிரல். எழுதியவர் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற புகழ்பெற்ற அஞ்சல் மென்பொருளைச் செய்த அதே ஆள். விடுமுறையில் இருப்பவரின் சார்பில் “நான் ஊரில் இல்லை” என்று பதில் போடும். ஒருவருக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் போடும். அந்தக் கட்டுப்பாடு ஏன் என்பது, அப்படி ஒன்று இல்லாமல் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இருவர் ஒரே வாரம் விடுப்பு எடுத்தால், ஒருவரின் இயந்திரம் மற்றவரின் இயந்திரத்துக்கு “நான் ஊரில் இல்லை” என்று சொல்ல, அது “நானும் ஊரில் இல்லை” என்று சொல்ல, விடிய விடிய இரண்டும் பேசிக்கொண்டிருக்கும். அதனால்தான், தானியங்கிப் பதில்கள் ‘நான் இயந்திரம்’ என்று தலைப்பகுதியில் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும், அந்த வரியைப் பார்த்தால் இன்னோர் இயந்திரம் பதில் போடக் கூடாது என்று 2004-இல் விதி எழுதினார்கள்.

ஐந்நூறு மைல் கதை

சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்ப்பதன் அருமையைச் சொல்ல எங்கள் துறையில் ஒரு கதை உண்டு. நடந்த கதை என்று சம்பந்தப்பட்டவரே எழுதியது. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டிரே ஹாரிஸ். புள்ளியியல் துறைத் தலைவர் ஒரு நாள் அவரை அழைத்து, “எங்கள் கடிதங்கள் ஐந்நூறு மைலுக்கு மேல் போவதில்லை” என்றாராம். மின்னஞ்சலுக்குத் தூரம் ஏது? ஆனால் புகார் சொன்னவர்கள் புள்ளியியல்காரர்கள். வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள்.

ஹாரிஸ் வாதாடவில்லை. ஒவ்வோர் ஊராகச் சோதனைக் கடிதம் அனுப்பினார். அட்லாண்டாவுக்குப் போனது. வாஷிங்டனுக்குப் போனது. நியூயார்க் 420 மைல், போனது. பிராவிடன்ஸ் 580 மைல், போகவில்லை. புகார் உண்மைதான்! கடைசியில் பார்த்தால், சர்வரைப் புதுப்பித்த யாரோ அஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்பைத் தெரியாமல் ஏற்றிவிட்டிருந்தார்கள். மறுமுனைக்காகக் காத்திருக்கும் நேரம் சுழியமாகிவிட்டது. அந்தக் கணினியில் சுழியம் என்பது நடைமுறையில் ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்த நேரத்தில் ஒளி போகக்கூடிய தூரம் ஐந்நூற்றுச் சொச்சம் மைல். அதற்குள் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் கடிதம் போயிருக்கிறது. கோலாலம்பூரில் அப்படி நடந்திருந்தால் ஈப்போவுக்குப் போயிருக்கும், கோத்தா கினபாலுவுக்குப் போயிருக்காது.

நான் இந்தக் கதையைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒரு காரணத்துக்காக. புகார் கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அனுப்பிப் பார்க்காமல் சிரிக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்து பார்க்க

உங்களிடம் சொந்த டொமேன் முகவரி இருந்தால், மூன்று வழிகளில் சோதிக்கலாம். எளிதானது, ஜிமெயிலில் இன்னொரு கணக்கைத் திறந்து, அதற்கு எழுதுவது. வந்த கடிதத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் திறந்தால், மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று போட்டிருக்கும். கைத்தொலைபேசிச் செயலியில் இது கிடைக்காது, கணினியில் பாருங்கள். கீழே ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள் கடிதம் நின்று வந்த நிலையங்கள். அடியிலிருந்து மேலாகப் படிக்க வேண்டும். இரண்டு வரிகளுக்கு நடுவே நேரம் பல நிமிடம் தாவினால், அங்கேதான் கடிதம் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, நான் சொன்ன எதிரொலி முகவரி. இதன் சிறப்பு, போகும் வழி, வரும் வழி இரண்டையும் ஒரே அடியில் சோதிப்பது. குறையும் அதுவே. பதில் வராவிட்டால், உங்கள் கடிதம் போகவில்லையா, பதில்தான் உங்களுக்கு வந்து சேரவில்லையா என்று தெரியாது. அப்போது வேறொரு கணக்கிலிருந்து அதே முகவரிக்கு எழுதிப் பாருங்கள். அதற்குப் பதில் வந்தால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, கோளாறு உங்கள் பக்கம். மூன்றாவது, மெயில்-டெஸ்டர் போன்ற சேவைகள். அவை அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு முகவரி தரும். அதற்கு எழுதிவிட்டு அவர்கள் பக்கத்திலேயே போய்ப் பார்த்தால், பத்துக்கு எத்தனை என்று பள்ளி ஆசிரியர் போல மதிப்பெண் போட்டு வைத்திருப்பார்கள். பத்துக்கு ஒன்பது வாங்கிய கடிதம் ஸ்பேமுக்குப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் உங்கள் தாள்கள் சரியா என்றுதான் பார்க்கும். வாடிக்கையாளரின் ஜிமெயில் உங்களை விரும்புகிறதா என்பது வேறு கணக்கு.

அவசரப்படவும் கூடாது. சில சர்வர்கள், முன்பின் தெரியாத ஆளிடமிருந்து வரும் முதல் கடிதத்தை வேண்டுமென்றே “பிறகு வா” என்று திருப்பும். ஸ்பேம் அனுப்புகிறவன் மறுபடி வரமாட்டான், நல்ல சர்வர் மறுபடி வரும் என்ற கணக்கு. அதனால் ஐந்து நிமிடத்தில் பதில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. அதில் அக்கா மகனே விழுந்தான். நான் பந்திங்குக்குப் போவதற்கு முன்பே, தன் இன்னொரு ஜிமெயிலில் விடுமுறைப் பதிலை இயக்கிவிட்டு, தனக்குத் தானே எதிரொலி செய்து பார்த்திருக்கிறான். கெட்டிக்காரப் பையன்தான். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், ஸ்பேமில் விழுந்த கடிதத்துக்கு ஜிமெயில் விடுமுறைப் பதில் அனுப்பாது. நான் சரிசெய்த பிறகு பதில் வந்தது. மகிழ்ச்சியில் இன்னொரு முறை அனுப்பினான். வரவில்லை. “மாமா, மறுபடி கெட்டுப் போச்சு!” என்று அலறினான். கெட்டுப் போகவில்லை. ஒரே ஆளுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் ஜிமெயில் அந்தப் பதிலைப் போடும். எரிக் ஆல்மன் வாரக் கணக்கு வைத்த அதே காரணம்தான்.

எதிரொலி முகவரிக்கு எழுதும்போது அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் எதையும் சேர்க்காதீர்கள். மறுமுனையில் இருப்பது முகம் தெரியாத ஒருவரின் கணினி. “சோதனை” என்று ஒரு சொல் போதும். ஆனால் தமிழிலேயே எழுதுங்கள் என்று சொல்வேன். தலைப்பு வரியிலும் தமிழ், உள்ளேயும் தமிழ். மின்னஞ்சல் முதலில் ஆங்கில எழுத்தை மட்டும் நினைத்துச் செய்யப்பட்டது. தமிழ்த் தலைப்பு வழியில் கேள்விக்குறியும் சமன்குறியுமாக மாறிப் போகும். மறுமுனையில்தான் திரும்பத் தமிழாக வேண்டும். 1990-களில் நம் நாட்டு முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ போட்டு, எதிராளியிடமும் அதே எழுத்துரு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு தமிழில் கடிதம் எழுதிய தலைமுறைக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும். இப்போது யூனிகோடு வந்து பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சிங்கப்பூருக்கு ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிகூட உண்டு. ஆனாலும் பழைய சர்வர்கள் இன்னும் சில அலுவலகங்களில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. எதிரொலியாக வரும் பதிலில் உங்கள் ‘ழ’வும் ‘ஸ்ரீ’யும் உடையாமல் வருகின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுமே என்று அக்காவும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு வாட்ஸ்அப்பில் வந்த விலையை வைத்துக் காசோலை எழுதாது. சட்டமும் ஒன்று சொல்கிறது. மலேசியாவின் 2006-ஆம் ஆண்டு மின்னியல் வணிகச் சட்டப்படி, பெறுபவர் ஓர் அமைப்பைக் குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால், செய்தி அதற்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரமாகக் கருதப்படும். அப்படிக் குறிப்பிடாவிட்டால், அவர் கவனத்துக்கு அது வரும்போதுதான் பெற்றதாகக் கணக்கு. கடைசி நாள் வைத்துக் கேட்கும் விலைக்கோரல், மேல்முறையீடு, உதவிநிதி விண்ணப்பம் போன்றவற்றை அனுப்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அவர்கள் அனுப்பும் “உங்கள் விண்ணப்பம் கிடைத்தது” என்ற தானியங்கிப் பதிலை அழித்துவிடாதீர்கள். வராவிட்டால் ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கேளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

டொமேன் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பழைய சர்வரின் பெயரை எடுத்துவிட்டுப் புதியதை எழுத இரண்டு நிமிடம் ஆனது. டிகிம் முத்திரையை இயக்க இன்னும் பத்து நிமிடம். டிமார்க்கில் முதலில் “விட்டுவிடு, தகவல் மட்டும் சொல்” என்று வைத்தேன். எடுத்த எடுப்பில் கடுமையாக வைத்து, இன்னும் எந்த வேனை மறந்திருக்கிறோம் என்று தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. மாற்றம் உலகம் முழுக்கப் பரவச் சில மணி நேரம் ஆகும் என்பதால், அக்கா சமைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மாலை ஐந்து மணிக்கு மறுபடி எதிரொலி முகவரிக்கு எழுதினோம். பாஸ், பாஸ், பாஸ்.

அறுபத்தோரு நிறுவனங்களுக்கும் அக்கா அன்றிரவே மறுபடி எழுதினார். மொத்தமாக அல்ல. ஒவ்வொன்றாக, ஒவ்வொருவரின் பெயரைப் போட்டு. நான் அப்படித்தான் செய்யச் சொன்னேன். ஒரே நேரத்தில் ஒரே வாசகம் அறுபது பேருக்குப் போனால், பட்டியல் சரியாக இருந்தாலும் ஜாகா ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அந்த வாரத்துக்குள் பத்தொன்பது பதில்கள் வந்தன. சிலர் “வேறு இடத்தில் சொல்லிவிட்டோம், முன்பே அனுப்பியிருக்கக் கூடாதா” என்று எழுதியிருந்தார்கள். முன்பே அனுப்பியதை அவர்களிடம் எப்படி நிரூபிப்பது? இழந்தது இழந்ததுதான். வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்ன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் அதற்குள் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஆகஸ்டு பிறந்தால், விலைப்பட்டியல் அனுப்புவதற்கு முந்தின நாள் அக்காவே எதிரொலி முகவரிக்கு எழுதிப் பார்க்கிறார். மூன்று பாஸையும் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தன் முகவரிக்கும் ஒரு தானியங்கிப் பதிலை எழுதி வைத்திருக்கிறார். தமிழிலும் மலாயிலும் வரும். “உங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்படியில் இருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் பதில் தருவேன்.” ஷா ஆலாம் அலுவலகத்துப் பெண் அதைப் படித்துவிட்டு, எட்டு மணி ஆனதும் தானே அழைத்தாராம்.